உறைகடல், இரண்டாம் பாகம்

"உம்ம ஆளு வந்தாச்சுவே" என்று நூலகர் தேவமணி மேஜைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்து வைத்தபோது, தளவாயின் கை உடனே நீளவில்லை. வெளியே ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. பத்திரிகை வாசிக்க வந்தவர்களின் ஈரக் குடைகள் கதவோரம் சாய்ந்து நின்றன. புத்தகத்தின் மீது புதுப் பசையின் வாடை. சிவப்புத் துணி அட்டை, அதன்மேல் வழவழப்பான மேலுறை, மேலுறையில் அந்தப் பெயர்: உறைகடல். கீழே சிறிய எழுத்தில், இரண்டாம் பாகம்.

"என்னவே முழிக்கீரு? இத்தனை நாளா பொண்ணு பாத்துட்டு வந்த வீட்டுக்கு நடக்குத மாதிரி நடந்தீரு. வந்துச்சா வந்துச்சான்னு என் உசிரை எடுத்தீரு. இப்ப அவளே வந்து நிக்கா, நீரு வெக்கப்படுதீரு."

"இல்ல அண்ணாச்சி. சந்தோசந்தான்."

"மூஞ்சியில தெரியலையே. நம்பர் போட்டு, முத்திரை குத்தி, மொத ஆளா உமக்குத்தான் தாரேன். வேற எவன் கேக்கப் போறான் இங்கன."

தளவாய் அதைத் துணிப்பைக்குள் வைத்து, பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கினான். இந்தப் புத்தகத்துக்காக அவன் சென்னைப் பதிப்பகத்துக்குக் கார்டு எழுதியிருக்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வரும் புத்தக வேனில், அடுக்கியிருந்த அத்தனையையும் கலைத்துத் தேடித் திட்டு வாங்கியிருக்கிறான். இன்று அது நெஞ்சோடு ஒட்டி நனையாமல் வருகிறது. அவனுக்கோ, யாரோ வீட்டிலிருந்து தெரியாமல் எதையோ எடுத்து வருவதுபோல இருந்தது. ஏனென்றால் இந்தக் கதையை அவன் ஏற்கெனவே முடித்துவிட்டான். தானாக முடித்து, அந்தோணியம்மாளுக்குச் சொல்லியும்விட்டான்.

அந்தோணியம்மாள் வீட்டு மாடியில்தான் அவன் குடியிருந்தான். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக் கிராமம் அவனுக்கு. அப்பாவும் அண்ணனும் வயலில் நின்றார்கள். வரப்பில் உட்கார்ந்து நார்வே தேசத்து மீனவக் குடும்பத்தின் கதை படிக்கும் பையனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. புதுத் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் ஒருவரிடம் டாலி கிளார்க் வேலை கிடைத்ததும் அனுப்பிவைத்தார்கள். கப்பலில் ஏறும் மூட்டைகளையும் இறங்கும் மூட்டைகளையும் நின்று எண்ணுவது வேலை. அதை முடித்துவிட்டு அறைக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. இருந்தவர்கள் எல்லாம் புத்தகத்தில் இருந்தார்கள். பிரெஞ்சு கிராமத்துத் தபால்காரன் ஒருவன், போலந்தில் பேக்கரி வைத்திருந்த அக்கா தங்கைகள், மங்கோலியச் சமவெளியில் குதிரையைத் தொலைத்துவிட்டு அலையும் ஒரு கிழவன். அவர்கள் குடிக்கும் சூப்பும், போர்த்தும் கம்பளியும், ஏற்றும் கணப்பும் அவனுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் குடியிருப்பவர் பெயர் தெரியாது. ஒரு தடவை ரஷ்யக் கப்பல் வந்திருந்தபோது, ரஷ்ய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த உறைகடல் முதல் பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஏணிக்குக் கீழே போய் நின்றான். இறங்கி வந்த ஒரு மாலுமியிடம் அதை நீட்டினான். அவன் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், வட்ட வட்டமான எழுத்துகளை விரலால் தடவினான், சிரித்தான், ஒரு சிகரெட் கொடுத்துவிட்டுப் போனான். கூட வேலை பார்க்கும் சொரிமுத்து அன்றிலிருந்து அவனை "ஏலே மாஸ்கோ" என்றுதான் கூப்பிடுகிறான்.

அந்தோணியம்மாள் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குக் கிழிந்த சாக்குகளைத் தைத்துக் கொடுப்பவள். சாயங்காலமானால் கீழ்வாசலில் பல்பைப் போட்டுக்கொண்டு, சுற்றிலும் சாக்கைக் குவித்து, கோணி ஊசியோடு உட்கார்ந்துவிடுவாள். அவள் புருஷன் மரியான், கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு போன தோணியில் போனவர். தளவாய் அரைக்கால்சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் நடந்தது. தோணி கொழும்பும் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. மன்னார்ப் பக்கம் ஒரு பாய்த்துண்டு ஒதுங்கியது என்றார்கள். எந்தத் தோணிப் பாய் என்று சொல்ல ஆளில்லை. அவள் தாலியைக் கழற்றவில்லை. அவருக்காக ஆத்தும பூசையும் வைக்கவில்லை. கல்லறைத் திருநாள் நெருங்கும்போதெல்லாம் கொழுந்தன் சவரிமுத்து வந்து கேட்பார். கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவைக்கு அடியில், கடலில் போனவர்களுக்கென்று எல்லோரும் மெழுகுவத்தி கொளுத்துகிற இடத்தில், மரியானுக்கும் ஒன்று கொளுத்த வாருங்கள் மதினி என்பார். அவள் சாக்கிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் பொணத்தைப் பாக்கலையே" என்பாள்.

"ஏன் தம்பி ஒத்தையில சிரிக்க?" என்று ஒரு நாள் கீழேயிருந்து அவள் கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கதையில் ஒரு ஆள் என்று அவன் சொன்னான். "இங்கன வந்து படி. நானும் சிரிக்கேன்."

ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, உறைகடலை முதல் பக்கத்திலிருந்து படித்தான். ஒசிப் என்கிற கப்பல் தச்சன் நாஸ்தியா என்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டு வடகடல் துறைமுகம் ஒன்றில் குடித்தனம் செய்யும் கதை. அந்தோணியம்மாளுக்கு அவன் ஓசேப்பு ஆகிவிட்டான். "ஓசேப்புன்னா நம்மாளுதான்" என்று வேதத்தில் சேர்த்துக்கொண்டாள். நாஸ்தியா நாச்சியா ஆனாள். கடல் உறைந்துபோகிற இடத்தில் மட்டும் அவள் ஊசியை நிறுத்தினாள்.

"கடலு எப்படிய்யா உறையும்? உப்புத்தண்ணி உறையாதுல்லா?"

"அந்த ஊர்க் குளிருக்கு உறையும் யக்கா."

"ஐஸ் கம்பெனிக்காரன் கேட்டா கடலையே மொத்தமா வெலைக்கு எடுத்துருவான்."

அப்படியாகப் பல மாதம். வாசலில் போகிறவர்கள், "என்ன, ஞானோபதேசம் நடக்கா?" என்று கேலி செய்துவிட்டுப் போவார்கள். பக்கம் திருப்பும்போது கோணி ஊசி சாக்கில் ஏறி இறங்கும் சரசரப்பு கேட்கும். தளவாய்க்குத் தான் ஒரு வீட்டில் இருப்பதாக முதன்முதலில் தோன்றியது அப்போதுதான். முதல் பாகத்தின் கடைசியில் ஒசிப் போன கப்பல் பனிக்கட்டியில் மாட்டிக்கொள்கிறது. உதவி கேட்டு வருவதற்காக அவன் ஒருவன் மட்டும் உறைந்த கடல்மேல் கரையை நோக்கி நடக்கிறான். இங்கே படகுத்துறையில் நாஸ்தியா லாந்தரை ஏற்றிவைத்துக்கொண்டு நிற்கிறாள். அதற்குக் கீழே, இரண்டாம் பாகம் அச்சில்.

"அச்சுலன்னா?"

"அடிச்சுக்கிட்டு இருக்காங்க."

"வந்தானா இல்லையான்னு அடிக்கிறவனுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"அப்ப ஒரு கடுதாசி போட்டுக் கேளு" என்றாள். மறுநாள் மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, ஓசேப்பு கரை சேர்ந்தால் அந்தோனியார் கோயிலில் ரொட்டி கொடுப்பதாக நேர்ந்திருப்பதாகச் சொன்னாள். தளவாய் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

பதிப்பகத்திலிருந்து 'விரைவில்' என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. படிக்க ஒன்றும் இல்லாமல் போனதும் அந்தோணியம்மாள் சாக்கை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுச் செல்லத்தாய் வாசலுக்குப் போய்விட ஆரம்பித்தாள். அங்கே இலங்கை வானொலி கேட்கும். தளவாய் வேலை முடிந்து வந்தால் கவிழ்த்துப் போட்ட பெட்டி காலியாக இருக்கும். மாடிக்குப் போய் வேறு புத்தகம் எடுப்பான். வரிகள் மேல் கண் ஓடும். கீழே சரசரப்பு இல்லாமல் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதையெல்லாம் வெளியே சொன்னால் எவனும் சிரிப்பான்.

ஒரு சாயங்காலம் செல்லத்தாய் வாசலில் போய் நின்றுகொண்டு, "யக்கா, ரெண்டாம் பாகம் வந்துட்டு. லைப்ரரியில வெளிய தரமாட்டாங்க. அங்கனயே படிச்சிட்டு வந்து சொல்லுதேன்" என்றான். வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் அப்போதே சாக்கைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அதன்பிறகு துறைமுகத்தில் முந்திரி மூட்டை எண்ணும்போதெல்லாம் ஒசிப்பைப் பனியில் நடத்திக்கொண்டே இருந்தான். கரடி வந்தது. பனி பிளந்தது. பூட்ஸ் கிழிந்தது. வேட்டைக்காரர்கள் சிலர் அவனைக் கூடாரத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். "ஏலே மாஸ்கோ, மூட்டைய எண்ணுதியா, சினிமா பாக்கியா?" என்று சொரிமுத்து கத்துவான். எத்தனை இழுத்தாலும் ஒரு நாள் அவனை வீடு சேர்க்க வேண்டியிருந்தது. ஒசிப் தாடியோடு வந்து கதவைத் தட்டுகிறான்; நாஸ்தியா திறக்கிறாள்; ஒன்றும் பேசாமல் சோறு போடுகிறாள். அந்தோணியம்மாள் அன்று நூலை அறுத்து ஊசியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயில் வாசலில் கூடை நிறைய ரொட்டி கொடுத்தாள். என்ன நேர்ச்சை என்று யாரோ கேட்க, "கடலுக்குப் போன ஆளு திரும்பி வந்தாச்சு" என்று சொல்லியிருக்கிறாள். அது தெருவுக்கு அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. தளவாய் அன்று விடுமுறையில் இருந்தான். சவரிமுத்து செருப்பில்லாமல் ஓடிவந்து, "அண்ணன் எங்க? எங்க எங்கண்ணன்?" என்று அறை அறையாக எட்டிப் பார்த்தார். அடுக்களை, கொல்லை, மாடி. அந்தோணியம்மாள் கூடையோடு வந்து, "அவுகயில்ல. இது வேற ஆளு. பனியில நடந்து வந்தவரு" என்றாள். சவரிமுத்து பெட்டியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். எல்லாம் விளங்கியபிறகு தளவாயைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "போன வருசம் பூசைக்குச் சரின்னு அரைமனசா தலையாட்டினாக. நீ வந்து கெடுத்தியேய்யா."

அந்தச் சரியும் அதற்குப் பிறகு இல்லாமல் போனது. கேட்டால் அவளிடம் இப்போது பதில் இருந்தது. ஓசேப்பு வரவில்லையா?

தூறல் விட்டபாடில்லை. தளவாய் வீட்டுப் பக்கம் திரும்பாமல் பழைய துறைமுகத்துக்கு நடந்தான். தோணிகள் பாயை இறக்கி, மழைக்குத் தார்ப்பாய் போட்டு நின்றன. டீக்கடைத் தட்டிக்கு அடியில் பெஞ்சு ஓரமாக உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தான். ஒசிப் வரும் இடம் அவன் நினைத்ததற்கு முன்பே வந்தது. பனியில் நடக்கிறான்; களைத்து உட்காருகிறான்; நாஸ்தியா பின்னிய கையுறை ஒன்று எங்கோ விழுந்துவிட்டது என்று கவனிக்கிறான்; எழுந்து போய் எடுக்கலாம் என்று நினைக்கிறான்; நினைத்துக்கொண்டே இருக்கிறான்; எழவில்லை. அரைப் பக்கம்தான். கரடி இல்லை, வேட்டைக்காரர்கள் இல்லை. அடுத்த வரியில் வசந்தம் வந்து கடல் உருகிவிடுகிறது.

மீதிப் புத்தகம் முழுக்க நாஸ்தியா. அவள் லாந்தரை ஏற்றுகிறாள், அணைக்கிறாள். திமிங்கில எண்ணெய்க் கிடங்கில் வேலைக்குப் போகிறாள். ஒரு சண்டைக்காரக் குத்தகைக்காரியோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்டு, அவளுக்கே பிரசவம் பார்க்கிறாள். ஒரு நாள் காரணமில்லாமல் சிரிக்கிறாள். சிரித்துவிட்டுத் தன் குரலைக் கேட்டுப் பயப்படுகிறாள். அந்த இடத்தில் தளவாய் புத்தகத்தை மூடிவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். டீக்கடைக்காரர், "பாட்டுப் புஸ்தகமா தம்பி?" என்றார். அவன் இதுவரை படித்ததிலேயே பெரிய புத்தகம் இது என்று அவனுக்குத் தெரிந்தது. இதைக் கேட்க வேண்டிய ஒரே ஆள் யார் என்பதும் தெரிந்தது. அந்த ஆளிடம் இதைக் கொண்டுபோகிற பாதையைத் தானே அடைத்துவிட்டு வந்திருக்கிறான். வாழ்நாளில் எதிர்பார்த்த புத்தகம் மடியில் இருக்க, இவ்வளவு தனியாக அவன் ஒருபோதும் இருந்ததில்லை.

வீட்டுக்குப் போனபோது சவரிமுத்து வந்திருந்தார். மறுநாள் கல்லறைத் திருநாள்.

"கடைசித் தடவையா கேக்கேன் மதினி. எனக்கும் வயசாகுது. எங்கண்ணனுக்கு ஒரு வெளிச்சம் கிடையாது."

"ஒனக்குத் தோணுனா நீ கொளுத்து."

"நீங்க உசிரோட இருக்கையில நான் கொளுத்தினா ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு ரொட்டி தின்னுட்டுப் பேசாம இருக்கும்."

அவர் காகிதத்தில் சுற்றிய மெழுகுவத்திகளைச் சாக்குக் குவியல்மேல் வைத்தார். தளவாயைத் தாண்டிப் போகும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பெட்டியில் உட்கார்ந்தான். பையைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தபோது அந்தோணியம்மாள் பார்த்துவிட்டாள்.

"என்ன புஸ்தகம் அது?"

அவன் கொடுத்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் முதல் பாகத்தின் மேலுறையை எத்தனையோ சாயங்காலம் பார்த்திருக்கிறாள். அதே நீலம், அதே ஓரக்கட்டு. அதில் கப்பல் இருந்தது. இதில் படகுத்துறையில் லாந்தரோடு ஒரு பெண். பல்பு வெளிச்சத்தில் அட்டையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நாச்சியாவா?"

"ஆமா யக்கா."

"முடி வெள்ளையா இருக்கு."

தளவாய் காலிப் பையை மடித்தான்.

"ஒத்தையில நிக்கா" என்றாள். பிறகு அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள், அங்கே யாராவது நிற்கிறார்களா என்பதுபோல. பின்பக்கம் எழுத்து மட்டும்தான் இருந்தது. "இதுதான் அச்சுல இருந்ததா?"

"ஆமா."

"அப்ப நீ சொன்னது?"

"அது…"

"ஓசேப்பு வந்து மொதநாள் புளிக்கொழம்பு ஊத்திச் சாப்புட்டான்னு சொன்ன. அந்த ஊருல ஏது புளின்னு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு." கோபமா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. "சரி. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. படி."

"வேண்டாம் யக்கா."

"படிய்யா. எழுதுனவன் என்னதான் சொல்லுதான்னு பாப்போம்."

அவன் படித்தான். கையுறை வந்தது. அரைப் பக்கம் வந்தது. ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். கோணி ஊசியின் சரசரப்பு எங்கே நின்றது என்று அவன் கவனிக்கவில்லை. கடல் உருகியதும் நிறுத்தினான். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அந்தக் கையுறை அவ பின்னுனதா?"

"ஆமா."

"எடுக்கப் போயிருக்கலாம்."

ஊசியைச் சாக்கில் செருகிவிட்டு, "மீதி?" என்றாள்.

"மீதி பூரா அவ கதைதான் யக்கா."

"பூராவுமா?" அவள் புத்தகத்தை வாங்கி, மீன் வாங்கும்போது கையில் தூக்கிப் பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தாள். "ஒருத்தன் போன பெறவு இவ்வளவு எழுத என்ன இருக்கு?"

அவனுக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. என்ன இருக்கிறது என்று தொடங்கினால் விடியும்வரை சொல்லலாம். அவள் அதற்குள் எழுந்து புத்தகத்தைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு, மெழுகுவத்திப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் வேலை முடிந்து அவன் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். செவந்திப் பூவும் சாம்பிராணியும் மணத்தன. கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஓரமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். பெரிய சிலுவைக்கு அடியில் வரிசை வரிசையாக மெழுகுவத்திகள். வாடைக்காற்று அணைக்க அணைக்கப் பக்கத்தில் நிற்பவர் மறுபடி ஏற்றினார். சவரிமுத்து சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கையில் ஒன்றும் இல்லாமல், வாசலையே பார்த்து நின்றிருந்தார். தளவாயைக் கண்டதும் அவர் கண் அவனுக்குப் பின்னால் தேடியது. யாரும் இல்லை. கூட்டம் கரையும்வரை நின்றார்கள். பிறகு தளவாய் மட்டும் கிளம்பினான்.

தெருமுனையிலேயே தெரிந்தது. அவனுடைய மாடி அறையில் விளக்கு எரிகிறது என்று முதலில் நினைத்தான். பூட்டிவிட்டுப் போன அறை. மாற்றுச் சாவி அந்தோணியம்மாளிடம் உண்டு. கிட்டே வந்ததும்தான் அது ஜன்னல் விளிம்பில் நட்ட ஒற்றை மெழுகுவத்தி என்று புரிந்தது. கிழக்கே கடலைப் பார்த்த ஜன்னல். மெழுகு வழிந்து சுவரில் ஒரு விரல் நீளத்துக்கு இறங்கியிருந்தது.

செல்லத்தாய் தன் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம் தம்பி, கல்லறைக்கு வாங்குன வத்தியக் கொண்டுபோய் அங்கன ஏத்தி வெச்சிருக்கா. செத்தவங்களுக்கா, வாரவங்களுக்கா? கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா."

தளவாய் கீழ்வாசலைப் பார்த்தான். சாக்குகள் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. பெட்டி அவன் உட்காரும் இடத்தில் கவிழ்த்துக் கிடந்தது. அதன்மேல் புத்தகம். அந்தோணியம்மாள் சுவரில் சாய்ந்து, கையில் ஊசி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் வந்ததைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் தெருவிலேயே நின்றான். மேலே சுடர் காற்றுக்குப் படுத்தது, நிமிர்ந்தது, மறுபடியும் படுத்தது.